கார் கதவுக்கு வீட்டிலேயே அலுமினியப் பேனல்

என் பழைய காரின் கதவுகளில் உள்பக்கம் இருந்த ஹார்ட்போர்டு அட்டை, கீழே ஈரம் குடித்து உப்பி, கிளிப் பிடிக்கிற இடமெல்லாம் பொடிந்து போயிருந்தது. இந்த மாடலுக்குப் புதிய அட்டை வருவதில்லை, யாராவது கழற்றிக் கொடுக்கும் பழையதும் இதே லட்சணத்தில்தான் இருக்கிறது. அலுமினியத் தகட்டில் நாமே செய்துவிடலாம் என்று இறங்கியதற்குக் காரணம் இவ்வளவுதான். செய்து முடித்தபின் யார் பார்த்தாலும் "தகட்டை எப்படி வளைத்தாய், எதில் வெட்டினாய்" என்றுதான் கேட்கிறார்கள். வெட்டுவதும் வளைப்பதும் இதில் சுலபமான பாதி. அந்த அட்டை இத்தனை வருஷம் சத்தமில்லாமல் என்னென்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் மாற்று ஏற்பாடு செய்வதுதான் மீதிப் பாதி. அதைப் பற்றித்தான் பெரும்பாலும் எழுதப் போகிறேன்.

முதலில் எடை. அலுமினியம் என்றாலே கார் இலகுவாகிவிடும் என்று நினைப்பவர்கள் நிறைய. கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை. அலுமினியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், அதாவது 1 மி.மீ. தகடு ஒரு சதுர மீட்டருக்கு 2.7 கிலோ. 3 மி.மீ. ஹார்ட்போர்டும் ஏறக்குறைய அதே எடைதான். அட்டைக்கு மேல் இருக்கும் ஸ்பாஞ்ச், ரெக்சின், பாக்கெட், பிளாஸ்டிக் கைத்தாங்கி இதையெல்லாம் எடுத்தால்தான் எடை குறையும், அதை அலுமினியம் இல்லாமலேயே செய்யலாம். ஈரத்தில் உப்பாது, பல தடவை கழற்றி மாட்டலாம், நமக்கு வேண்டிய இடத்தில் வேண்டியதைப் பொருத்தலாம், பார்க்க நன்றாக இருக்கும். இந்த நான்குக்காகச் செய்வதென்றால் செய்யலாம், எடைக்காக மட்டும் என்றால் வேண்டாம்.

எந்தக் காரில் இதைச் செய்யவே கூடாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிய கார்கள் பலவற்றில் பக்கவாட்டு ஏர்பேக்கை வெடிக்க வைக்கும் சென்சார் கதவுக்குள்ளேயே இருக்கிறது. சிலவற்றில் அது அழுத்தத்தை அளக்கும் வகை: வெளியிலிருந்து மோதும்போது கதவின் உட்குழிக்குள் காற்றழுத்தம் சட்டென்று ஏறும், அதைப் பார்த்துத்தான் ஏர்பேக்கை விடும். அந்தக் குழியை மூடியிருப்பதை நம் இஷ்டத்துக்கு மாற்றினால் அழுத்தம் ஏறும் விதமே மாறிவிடும். சில கார்களில் ஏர்பேக்கே கதவுப் பேனலில் இருக்கிறது. இந்த இரண்டில் எது இருந்தாலும் தகடு அடிக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். அப்புறம், பழைய பேனலின் பின்பக்கம் இடுப்பு உயரத்தில் கெட்டியான ஃபோம் கட்டை ஒட்டியிருந்தால் அது சத்தத்துக்காக வைத்தது இல்லை, மோதலில் இடுப்பெலும்பைக் காப்பாற்ற வைத்தது. அதற்குப் பதில் விறைப்பான தகட்டை வைப்பது புத்திசாலித்தனம் ஆகாது. ஏர்பேக் எதுவும் இல்லாத பழைய கார், பந்தயத் தடத்துக்கு மட்டும் என்று ஒதுக்கிய கார், இவைதான் இந்த வேலைக்கு ஏற்றவை. சாலையில் ஓட்டும் காராக இருந்தால் உள்பக்கத்தை மாற்ற உங்கள் நாட்டில் என்ன விதி, சோதனையில் எதைப் பார்ப்பார்கள் என்று முன்னாடியே கேட்டுவிடுவது நல்லது.

சரி, அட்டையைக் கழற்றியாயிற்று. பின்னால் ஒரு பாலிதீன் தாள் கறுப்பான பிசுபிசுப்புப் பசையில் ஒட்டியிருக்கும், பழைய காரில் பாதி கிழிந்தும் இருக்கும். பலர் இதைக் குப்பை என்று உரித்து எறிந்துவிடுகிறார்கள். கதவின் உயிரே அதில்தான் இருக்கிறது. மழை பெய்யும்போது கண்ணாடி ஓரத்து ரப்பரைத் தாண்டித் தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அது கோளாறு இல்லை, கதவை வடிவமைத்ததே அப்படித்தான். உள்ளே இறங்கும் தண்ணீர் கதவின் அடியில் இருக்கும் வடிகால் துளைகள் வழியாக வெளியே போய்விடும். ஆனால் கதவின் உள்தகட்டில் கை நுழைகிற அளவுக்குப் பெரிய ஓட்டைகள் இருக்கின்றன, கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறியைப் பொருத்துவதற்காக வெட்டியவை. அந்த ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் காருக்குள் வராமல் தடுப்பது இந்தத் தாள் ஒன்றுதான். தாள் கிழிந்தால் முதலில் அட்டை ஊறும், அப்புறம் தரைவிரிப்பு ஊறும், கடைசியில் தரைத்தகடு துருப்பிடிக்கும். என் காரில் அட்டை உப்பியதற்கும் இதுதான் காரணம். தாளைச் சரிசெய்யாமல் புது அட்டையைப் போட்டிருந்தாலும் அதே கதிக்குத்தான் ஆளாகியிருக்கும்.

அதனால் அலுமினியத்தைக் கையில் எடுப்பதற்கு முன்னால் தாளைப் புதிதாகப் போட்டேன். கனமான பாலிதீன், சுற்றிலும் பியூட்டைல் (காயாமல் பிசுபிசுப்பாகவே இருக்கும் ரப்பர்) பசைக் கயிறு, இவ்வளவுதான் பொருள். இதில் ஒரே ஒரு நுணுக்கம் உண்டு: தாளின் கீழ் ஓரத்தை உள்தகட்டின் மேலேயே ஒட்டி நிறுத்தக்கூடாது, அடியில் இருக்கும் நீளமான பிளவு வழியாகக் கதவுக்குள்ளே செருகிவிட வேண்டும். அப்போதுதான் தாளின் மேல் வழிந்து வரும் தண்ணீர் கதவுக்குள்ளேயே சொட்டும். தாளைப் போடுவதற்கு முன் வடிகால் துளைகளில் ஒரு கம்பியை விட்டுக் குடைந்துவிடுங்கள், பல வருஷ மண் அடைத்திருக்கும். அப்படியே கண்ணாடி ஓடும் தடத்துக்கு கிரீஸ், பூட்டுக் கம்பிகளின் பிளாஸ்டிக் கிளிப், ஸ்பீக்கர் வயர் என்று எல்லாவற்றையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். பேனலைக் கழற்றி மாட்டுவது இனிமேல் சுலபம் என்றாலும் பசையோடு தாளைப் பிரிப்பது எப்போதும் எரிச்சல் பிடித்த வேலை.

அடுத்து டெம்ப்ளேட், அதாவது தகட்டை வெட்டுவதற்கான மாதிரி அட்டை. பழைய அட்டை கொஞ்சமாவது வடிவத்தோடு இருந்தால் அதைத் தகட்டின் மேல் வைத்து வரைந்துகொள்ளலாம் என்று தோன்றும். உப்பிய அட்டை நீளம் அகலம் இரண்டிலும் மாறியிருக்கும், நம்பக்கூடாது. அதைவிட முக்கியம், பழைய அட்டை கதவின் வளைவுக்கேற்ப வளைந்து உட்காரும், துளைகளில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பிளாஸ்டிக் கிளிப் ஈடுகொடுக்கும். தகடு அப்படி ஈடுகொடுக்காது. அதனால் கதவிலிருந்தே நேராக எடுப்பதுதான் வழி. வெளுத்த கெட்டி அட்டையைக் கதவில் மாஸ்கிங் டேப்பால் ஒட்டி, ஓரங்களில் விரலால் அழுத்தி, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் அடியிலிருக்கும் விளிம்பும் துளைகளும் தெளிவாகப் பதியும். ஒரே அட்டையில் எல்லாம் அமையாது. சிறிய துண்டுகளை ஒவ்வொரு மூலைக்கும் பொருந்துமாறு வெட்டி, நடுவில் ஒரு பெரிய துண்டை வைத்து, எல்லாவற்றையும் டேப்பால் இணைத்துக்கொண்டால் கடைசியில் கதவின் சரியான நகல் கையில் இருக்கும்.

கண்ணாடியை ஏற்றும் கைப்பிடி, உள்பூட்டு நெம்பு, பூட்டுக் குமிழ் இந்த மூன்றையும் குறிக்கும்போது அவை அசையும் தூரத்தையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். நெம்பை முழுக்க இழுத்த நிலையில் அது எங்கே வந்து நிற்கிறது என்று பார்க்காமல் துளை போட்டால் கதவு திறக்கவே திறக்காது. கைப்பிடியின் தண்டு எவ்வளவு நீளம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதும் முக்கியம். பழைய அட்டையும் ஸ்பாஞ்சும் சேர்ந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கனம் இருந்திருக்கும். இப்போது 1 மி.மீ. சொச்சம் தகடு வருகிறது என்றால் கைப்பிடி ஆடும், பின்னால் ஒரு வளையம் கொடுத்து இடைவெளியை நிரப்ப வேண்டும்.

டெம்ப்ளேட் தயாரானதும் அதைக் கதவில் மாட்டி, கதவைச் சாத்தி, உள்ளே உட்கார்ந்து பாருங்கள். சீட்டின் ஓரம், டாஷ்போர்டின் நுனி, கதவு நிலையின் ரப்பர், இவை எங்காவது இடிக்கிறதா என்று அட்டையிலேயே தெரிந்துவிடும். அட்டையை வெட்டுவதற்குக் கத்தரிக்கோல் போதும். அட்டை நிலையிலேயே எவ்வளவு நேரம் ஆனாலும் போகட்டும் என்பதே என் கட்சி. டெம்ப்ளேட்டில் மேல், கீழ், கதவைப் பார்க்கும் பக்கம், ஆளைப் பார்க்கும் பக்கம் என்று பெரிதாக எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது தகடு. அலுமினியம் என்று பொதுவாகக் கேட்டு வாங்கக்கூடாது, எந்த ரகம் என்று சொல்லிக் கேட்க வேண்டும். ரகத்தை எண்ணால் சொல்வார்கள், பின்னால் வரும் டி6, எச்32 என்பவை கடினப்படுத்திய விதம். 1050, 1100 இரண்டும் கிட்டத்தட்ட சுத்த அலுமினியம், நன்றாக வளையும், ஆனால் முழங்கை பட்டாலே பள்ளம் விழும். 6061-டி6 பலமானது, ஆனால் குறுகலாக மடித்தால் மடிப்பின் வெளிப்பக்கம் விரிசல் விடும். அதை மடிக்க உள்வளைவின் ஆரம் தகட்டின் கனத்தைப்போல் இரண்டு மூன்று மடங்காவது வேண்டும், வீட்டில் வைத்திருக்கும் கருவிக்கு அது தோதுப்படாது. இந்த வேலைக்கு 5052-எச்32 தான் சரி. மக்னீசியம் கலந்தது, ஈரத்தைத் தாங்கும், தகட்டின் கனம் அளவுக்கே ஆரம் வைத்து மடித்தாலும் விரிசல் விடாது. 1948-ல் லேண்ட் ரோவர் முதன்முதலில் வந்தபோது போருக்குப் பிந்தைய இரும்புத் தட்டுப்பாட்டால் அதன் உடலை பிர்மாபிரைட் என்ற அலுமினிய-மக்னீசியக் கலவையில் செய்தார்கள். 5052-ம் அந்த உறவுமுறைதான். அந்த வண்டிகளில் பல இன்னும் ஓடுகின்றன, அடிச்சட்டம் துருப்பிடித்தாலும் மேல்தகடு நிற்கிறது.

கனம் எவ்வளவு? அலுமினியத்தின் விறைப்பு இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான், 200-க்கு 70 ஜிகாபாஸ்கல். ஆனால் வளைவதை எதிர்க்கும் பலம் கனத்தின் மூன்றாவது அடுக்கில் ஏறும். 1 மி.மீ.க்குப் பதில் 1.2 போட்டால் எடை இருபது சதவீதம்தான் கூடும், விறைப்போ 1.7 மடங்கு ஆகிவிடும். 1.5 போட்டால் மூன்று மடங்குக்கும் மேல், ஆனால் கையால் மடிப்பது கஷ்டம், எடையும் சதுர மீட்டருக்கு 4 கிலோவைத் தாண்டும். நான் 1.2 எடுத்தேன், ஓரத்தை மடித்து நடுவில் புடைப்பு வரி கொடுத்தால் அது தாராளம். தகட்டின் மேல் ஒட்டிவரும் பிளாஸ்டிக் படலத்தைக் கடைசிவரை உரிக்காதீர்கள். அதன் மேலேயே மெல்லிய மார்க்கர் பேனாவால் வரையலாம். மடிக்கப்போகும் கோட்டை ஊசியால் கீறி வரைவது மட்டும் கூடவே கூடாது, அந்தக் கீறல்தான் பின்னால் விரிசலாக ஆரம்பிக்கும்.

வெட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நீளமான நேர்க்கோட்டுக்கும் பெரிய வளைவுக்கும் ஜிக்சா, அங்குலத்துக்கு 18-லிருந்து 24 பல் உள்ள உலோக பிளேடு, பல்லில் அலுமினியம் ஒட்டாமலிருக்க கொஞ்சம் மெழுகு. மூலைகளுக்கு கைக்கத்தரி, இடது வளைவுக்குச் சிவப்புப் பிடி, வலது வளைவுக்குப் பச்சை. கோட்டுக்கு ஒன்றிரண்டு மி.மீ. வெளியே வெட்டி, மிச்சத்தை அரத்தால் ராவி எடுப்பது என் பழக்கம். இரும்பு சாணை பிடிக்கும் சாதாரணக் கல்லில் அலுமினியத்தைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். கல்லின் துளைகளில் அலுமினியம் அப்பிக்கொண்டு கல் சூடேறி உடையலாம். அதே கல்லில் இரும்பும் தேய்த்திருந்தால் அலுமினியத் தூளும் இரும்புத் துருவும் கலந்து தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு, தண்டவாளத்தைப் பற்றவைக்கும் தெர்மைட் என்பதே இந்த இரண்டும் சேர்ந்த கலவைதான். வெட்டிய ஓரம் ஒவ்வொன்றிலும் பிசிர் இருக்கும், அதைத் தேய்த்து எடுத்த பிறகுதான் வெறுங்கையால் தொட வேண்டும்.

மடிப்புதான் எனக்கு இதில் பிடித்த பகுதி. பேனலின் மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் 15 மி.மீ. அளவுக்குக் கதவை நோக்கி மடித்தால் தகடு சட்டென்று விறைப்பாகிவிடும், வெட்டிய கூர்விளிம்பும் மறைந்துவிடும். ஆனால் மடிக்கும்போது தகட்டின் அளவு மாறும், இதைக் கணக்கில் எடுக்காவிட்டால் பேனல் பெரிதாகி ரப்பரில் இடிக்கும். 1.2 மி.மீ. தகட்டை 1.5 மி.மீ. உள் ஆரத்தில் செங்குத்தாக மடித்தால் வெளியளவுகளின் கூட்டுத்தொகையிலிருந்து ஒரு மடிப்புக்குச் சுமார் 2.25 மி.மீ. கழிக்க வேண்டும். அதாவது பேனலின் உயரம் 400, மேலும் கீழும் 15 மடிப்பு என்றால் மொத்தம் 430 என்று வெட்டாமல் 425.5 என்று வெட்டுவோம். சூத்திரத்தில் தலையைக் கொடுக்க விருப்பமில்லை என்றால் இன்னும் நம்பகமான வழி ஒன்று இருக்கிறது: அதே தகட்டில் சரியாக 100 மி.மீ. நீளத்துண்டு ஒன்றை வெட்டி, அதே கருவியில் நடுவில் மடித்து, இரண்டு கால்களின் வெளியளவையும் அளந்து கூட்டுங்கள். 102.2 வந்தால் நீங்கள் கழிக்க வேண்டியது 2.2. உங்கள் கருவி, உங்கள் தகடு, உங்கள் கை எல்லாம் சேர்ந்த எண் அது, எந்தப் பட்டியலையும் விடச் சரியாக இருக்கும்.

மடிக்க இயந்திரம் வேண்டாம். பேனலைவிட நீளமான இரண்டு இரும்பு ஆங்கிள், மேஜை ஓரம், நாலைந்து சி-கிளாம்ப் இருந்தால் போதும். எந்த ஆங்கிளின் மேல் தகடு மடியுமோ அதன் முனையை முதலில் அரத்தால் உருட்டிக்கொள்ள வேண்டும், கூராக இருந்தால் 5052-ம் விரிசல் விடும். தகட்டை நேரடியாக அடிக்காமல் நீளமான மரக்கட்டை ஒன்றை அதன்மேல் வைத்து, கட்டையைக் கொட்டாப்புளியால் தட்டுங்கள், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக. ஓரிடத்திலேயே அடித்து முடித்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போனால் விளிம்பு அலையலையாக நெளியும், பிறகு நேராக்கவே முடியாது. செங்குத்துக்கு மேல் இரண்டு மூன்று பாகை கூடவே மடிக்க வேண்டும், கிளாம்பை எடுத்ததும் அவ்வளவு திரும்பி வரும். தகட்டில் மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடுவது தெரியும், உருளையில் இழுத்த தடம் அது. மடிப்பு அந்தக் கோடுகளுக்குக் குறுக்கே வருவதுபோல் தகட்டில் டெம்ப்ளேட்டை வைப்பது நல்லது. இரண்டு மடிப்புகள் சந்திக்கும் மூலையில் முதலில் ஒரு சிறு துளை போட்டுவிட்டால் மூலை கிழியாது.

வளைந்த ஓரங்களை மடிப்பது வேறு கதை. வெளிவளைவில் மடிக்கும்போது விளிம்பில் உலோகம் மிஞ்சிப்போய்ச் சுருங்க இடம் தேடும், சுருக்கும் கருவி இல்லாமல் அது வராது. அங்கே மடிப்பை விட்டுவிட்டு, ஓரத்தை நன்றாக உருட்டித் தேய்த்து, யு வடிவ ரப்பர் பட்டையை மாட்டிவிடுவதே மேல். முழங்கால் படும் இடங்களில் வெறும் தகட்டு விளிம்பு ஒன்றுகூட இருக்கக்கூடாது.

ஓரம் விறைத்தாலும் நடு தளதளவென்றுதான் இருக்கும். டப்பா மூடியை அமுக்கினால் உள்ளே போய் 'டப்' என்று வெளியே வருமே, பெரிய தட்டைத் தகடும் அதையேதான் செய்யும், ஓடும் காரில் கேட்கவே வேண்டாம். இதற்கு மருந்து தகட்டில் நீளமாக எழுப்பும் புடைப்பு வரி, பட்டறையில் பீடிங் என்பார்கள். கையால் சுற்றும் பீடிங் இயந்திரம் இருந்தால் சுகம். இல்லாவிட்டால் 18 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அமுக்கிச் செய்த) பலகையில் 10 மி.மீ. அகலத்துக்கு ஒரு காடியை ரௌட்டரால் எடுத்து, தகட்டை அதன்மேல் அசையாமல் கிளாம்ப் போட்டு, முனை உருட்டிய நைலான் கட்டையைக் காடியின் மேல் வைத்து மெதுவாகத் தட்டிக்கொண்டே போகலாம். ஒரே தடவையில் ஆழம் கொண்டுவரப் பார்க்காமல் பலமுறை போய்வந்தால் 3 மி.மீ. ஆழம் அழகாக வரும்.

வேலையின் வரிசை இங்கே முக்கியம். பீடிங் போடும்போது தகடு பக்கவாட்டில் இழுபட்டுச் சுருங்கும், அதனால் அதை முதலில் முடித்துவிட்டு, பிறகு டெம்ப்ளேட்டை வைத்து வெளி அளவை வெட்டி, கடைசியில் ஓரத்தை மடிக்க வேண்டும். வரி பேனலின் விளிம்புவரை ஓடாமல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் முன்னாலேயே சரிந்து முடியட்டும், ஓரத்தைத் தொட்டால் மடிப்பு கோணும். எந்த வடிவத்தில் போடுவது என்பது அவரவர் ரசனை. ஒரே நேரான வரியைவிடக் குறுக்கே சாய்ந்த இரண்டு வரிகள் தகட்டை நன்றாகப் பிடிக்கின்றன, பார்க்கவும் பழைய பந்தயக் காரின் களை வருகிறது.

பிணைப்பதற்கு ரிவெட் அடித்து நிரந்தரமாக மாட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடி ஒருநாள் தடத்தை விட்டு இறங்கும், அன்றைக்குத் தெரியும். பேனலைக் கழற்ற முடிய வேண்டும். கதவின் உள்தகட்டில் எம்5 ரிவெட் நட் வைத்து (துளையில் செருகி அமுக்கினால் தகட்டிலேயே பிடித்துக்கொள்ளும் 5 மி.மீ. மரை நட், அதற்கு 7 மி.மீ. துளை), அகலத் தலை ஸ்க்ரூவால் பிடிப்பதுதான் எனக்குப் பிடித்த முறை. பேனலிலேயே ஏதாவது தாங்கியைச் சேர்ப்பதானால் அங்கே ஒரு பக்கத்திலிருந்தே அடிக்கக்கூடிய பாப் ரிவெட் போடலாம். 3.2 மி.மீ. ரிவெட்டுக்கு 3.3 மி.மீ. துளை, 4.8-க்கு 4.9, துளையின் மையம் விளிம்பிலிருந்து ரிவெட் விட்டத்தின் இருமடங்காவது தள்ளி இருக்கட்டும். ரிவெட்டின் நடுவில் முறிந்து தங்கும் ஆணியும் அலுமினியமாகவே இருக்கும் ரகத்தை வாங்குங்கள், இரும்பு ஆணி என்றால் கொஞ்ச நாளில் ஒவ்வொரு ரிவெட்டின் நடுவிலிருந்தும் பழுப்பாகக் கறை வழியும்.

புதிய துளை எதையும் போடுவதற்கு முன் கண்ணாடியை முழுக்க இறக்கி அது எங்கே வந்து நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ரிவெட் நட்டின் வால், ஸ்க்ரூவின் முனை, இவை கண்ணாடி ஓடும் பாதைக்குள் நீட்டினால் கண்ணாடி கீறும் அல்லது உடையும். ஸ்க்ரூ முனையில் துளி கிரீஸ் தடவி மாட்டி, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தால் இடிக்கும் இடத்தில் கறை பட்டிருக்கும்.

பேனலில் போடும் துளைகளைக் கச்சிதமாகப் போடக்கூடாது என்பது பலருக்கு விநோதமாகப் படும். அலுமினியம் வெயிலில் இரும்பைவிடக் கிட்டத்தட்ட இருமடங்கு விரியும். ஒரு மீட்டர் நீளப் பேனல், 50 பாகை சூடு ஏறினால் 1.15 மி.மீ. நீளும், அதன் பின்னால் இருக்கும் இரும்புக் கதவு 0.6 தான் நீளும். மீதி அரை மி.மீ. எங்கேயாவது போயாக வேண்டும், இடமில்லை என்றால் தகடு நடுவில் புடைத்துக்கொள்ளும். நடுவில் ஒரு துளையை மட்டும் ஸ்க்ரூவின் அளவுக்குப் போட்டு, மற்றவற்றை 1 மி.மீ. பெரிதாகப் போட்டு வாஷர் வைத்தால் பிரச்சினை தீர்ந்தது. அந்த வாஷர் நைலானாக இருந்தால் இன்னொரு லாபமும் உண்டு. அலுமினியமும் இரும்பும் ஈரத்தோடு உரசிக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் அரிக்கும், துளையைச் சுற்றி வெள்ளைப் பொடி கிளம்பும். அதனால் பேனலின் பின்பக்க ஓரம் முழுக்க மெல்லிய ஃபோம் டேப் ஒட்டிவிடுங்கள். உலோகத்தையும் பிரிக்கும், கடகடப்பையும் நிறுத்தும்.

கதவை இழுத்துச் சாத்தும் பட்டையைப் பேனலில் மாட்டாதீர்கள். காற்றடிக்கும்போது ஒருவர் ஆத்திரமாக இழுக்கும் இழுப்பு முழுவதும் 1.2 மி.மீ. தகட்டில் இறங்கினால் துளை கிழியும், இல்லாவிட்டால் தகடே கோணும். பழைய பட்டையின் போல்ட் எந்த இரும்பில் இறங்கியிருந்ததோ அதே இரும்பில்தான் புதியதும் இறங்க வேண்டும், பேனலில் அதற்கு ஒரு துளை மட்டும் இருந்தால் போதும். புது இடத்தில்தான் வைப்பேன் என்றால் உள்தகட்டுக்குப் பின்னால் ஒரு இரும்புப் பட்டையைக் கொடுத்து எம்6 போல்ட்டால் பிடியுங்கள். கைத்தாங்கிக்கும் இதே கதைதான், ஆள் முழங்கையை ஊன்றி எழுந்திருப்பார்.

சத்தத்தைப் பொறுத்தவரை பேனலின் பின்பக்கம் பியூட்டைல் அதிர்வடக்கிப் பட்டை ஒட்டலாம். முழுக்க ஒட்டத் தேவையில்லை, வரிகளுக்கு இடையே மிச்சமிருக்கும் தட்டையான பகுதிகளின் நடுவில் கால்வாசி இடத்துக்கு ஒட்டினாலே விரலால் தட்டும் ஓசை 'டண்'ணிலிருந்து 'தொப்'புக்கு மாறிவிடும். எடையைக் குறைக்கிறேன் என்று ஆரம்பித்தவர்கள் இந்தப் பட்டையின் எடையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளவும்.

பூச்சு விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கறார். கண்ணாடிபோல் பளபளப்பாக்கிய அலுமினியம் படத்தில்தான் அழகு. வெயிலில் பக்கவாட்டுக் கண்ணாடியில் எதிரொளித்துக் கண்ணைக் குத்தும், விரல் பட்ட இடமெல்லாம் தெரியும், கோடையில் தொட்டால் சுடும். நைலான் தேய்ப்புப் பட்டையால் ஒரு நேர்ச்சட்டத்தை ஒட்டி ஒரே திசையில் இழுத்தால் வரும் மங்கலான கோட்டு வேலைப்பாடு நன்றாக இருக்கிறது, கீறல் விழுந்தாலும் அதே திசையில் மறுபடி தேய்த்துக்கொள்ளலாம். அனோடைசிங் (மின்சாரத்தால் ஆக்சைடு படலத்தைக் கனமாக்குவது) செய்யக் கொடுப்பதென்றால் ரிவெட் அடிப்பதற்கு முன் கொடுக்க வேண்டும், வேறு ரக அலுமினியம் கூட இருந்தால் அது வேறு நிறத்தில் வரும். பெயின்ட் என்றால் உப்புத்தாளால் சுரசுரப்பாக்கி, அசிட்டோனால் துடைத்து, தாமதிக்காமல் அலுமினியத்துக்கான எட்ச் பிரைமரை (உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் அடிப்பூச்சு) அடித்துவிட வேண்டும். தேய்த்த அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் உடனே திரும்ப உருவாக ஆரம்பித்துவிடும், நாள் கடத்தினால் பெயின்ட் தோலாக உரியும். வெறும் தகட்டின் மேல் நேராகக் கிளியர் கோட் அடிப்பதும் அப்படித்தான், நன்றாக ஆரம்பித்து ஓரத்திலிருந்து கிளம்பும். நான் மேல்பாதியை மங்கலான கறுப்பில் அடித்துவிட்டு, கீழ்ப்பாதியை வெறும் தகடாகவே விட்டேன். செருப்பும் ஷூவும் படும் இடத்தில் பெயின்ட் நிற்காது.

ஒரு பக்கம் முடிந்ததும் டெம்ப்ளேட்டைக் கவிழ்த்துப் போட்டு அடுத்த பக்கத்தை வெட்டத் தோன்றும். வெளி வடிவத்துக்கு அது சரி, துளைகளுக்கு நம்ப வேண்டாம். ஓட்டுநர் பக்கத்தில் இருக்கும் கூடுதல் வயர், பின்னால் பார்க்கும் கண்ணாடியைச் சரிசெய்யும் குமிழ், பூட்டுக் கம்பியின் இடம் என்று இரண்டு கதவும் எங்காவது வேறுபடும். கவிழ்த்த அட்டையை மறுபக்கக் கதவில் ஒருமுறை மாட்டி, பென்சிலால் தேய்த்து, துளைகளை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இரண்டு டெம்ப்ளேட்டையும் பழைய கிளிப்புகளையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன், பின்கதவுக்கு இனிமேல்தான் ஆரம்பிக்க வேண்டும், அங்கே கண்ணாடி பாதிதான் இறங்கும் என்பதால் ரிவெட் நட் வைக்க இடம் தாராளமாக இருக்கிறது.